நான்கெல்லை எழுதாத பதவி

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. மாற்றி முடித்துத் திறந்தபோது லட்சக்கணக்கானோரால் தங்கள் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. சம்பளம் வந்ததா, தவணை போனதா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டுக் கடைசி ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்குச் சுமார் 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

வங்கிக்கு அபராதம் என்பது நாம் அடிக்கடி கேள்விப்படுவது. அதற்கடுத்து, 2023 ஏப்ரலில் நடந்ததுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அந்த மாற்றம் நடந்த காலத்தில் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அமைப்பைக் கட்டிக் கொடுத்த நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருந்ததா என்று அவர் போதுமான அளவு உறுதி செய்துகொள்ளவில்லை என்பது குற்றச்சாட்டு.

பிரிட்டனில் 2016 மார்ச் முதல் வங்கிகளின் உயர் அதிகாரி ஒவ்வொருவருக்கும் 'இன்னின்னவற்றுக்கு இவர் பொறுப்பு' என்று எழுதிய ஓர் ஆவணம் இருந்தாக வேண்டும். அது கட்டுப்பாட்டு அமைப்பின் கோப்பிலும் இருக்கும். ஏதாவது கெட்டுப்போன பிறகு 'இது யார் வேலை' என்று தேடத் தேவையில்லாதபடி முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏற்பாடு.

இதைப் படித்த நாளிலிருந்து, நம் ஊரில் சிடிஓ (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) வேண்டும், இன்ஜினியரிங் தலைவர் வேண்டும் என்று போடப்படும் ஜேடிகளை (பணி விவரக் குறிப்புகளை) நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். சென்னையிலும் கோவையிலும் நடுத்தர அளவு மென்பொருள் நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிக் கொடுப்பதில் உடனிருப்பது என் தொழிலின் ஒரு பகுதி. என் மேசைக்கு வரும் பெரும்பாலான ஜேடிகளில் நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டால் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பதினைந்து வருட அனுபவம் வேண்டும். கிளவுட் தெரிய வேண்டும், இப்போது ஏஐ-யும். தொலைநோக்கு வேண்டும், அதே சமயம் தானே உட்கார்ந்து கோட் எழுதவும் வேண்டும். நெருக்கடியிலும் நிதானம் இழக்கக் கூடாது. இவ்வளவையும் படித்து முடித்த பிறகும், வந்து சேரும் ஆள் திங்கட்கிழமை காலை என்ன செய்வார், எதை அவர் முடிவு செய்யலாம், எதற்கு அவர் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அந்தத் தாளில் இருப்பதில்லை.

வீட்டுமனைப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதாமல் யாராவது பதிவு செய்வார்களா? ஆண்டுக்குக் கோடி ரூபாய் வரை சம்பளம் கொடுத்து, நிறுவனத்தின் உயிர்நாடியை ஒப்படைக்கப் போகும் பதவிக்கு எல்லையே எழுதாமல் ஆள் எடுக்கிறோம். பிறகு ஒன்றரை வருடத்தில் அவர் போய்விட்டால் 'ஆள் செட் ஆகலை' என்கிறோம்.

கோவையில் ஒரு நிறுவனம். நூற்பாலைகளுக்கு மென்பொருள் செய்கிறார்கள். நிறுவனரே நல்ல புரோகிராமர். முதல் ஐந்தாறு வருடம் பாதிக் கோட் அவர் கையால் எழுதியது. ஆட்கள் நூற்றைத் தாண்டியதும் சிடிஓ தேட ஆரம்பித்தார். முதல் சந்திப்பிலேயே, "ஜேடி தானுங்க? ஹெச்ஆர்ல சொன்னா நாளைக்கே போட்டுத் தந்துருவாங்க. நீங்க ஆளை மட்டும் பாத்துக் குடுங்க" என்றார்.

"சரிங்க. அவர் வந்து சேர்ந்த பிறகு, இப்ப நீங்க எடுக்கற எந்த முடிவை இனிமே எடுக்க மாட்டீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதெப்படிங்க… எல்லாமே ரெண்டு பேரும் பேசித்தான் பண்ணுவோம்."

இந்தப் பதில் அன்போடும் மரியாதையோடும் சொல்லப்பட்டது. அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பதிலோடு ஒருவரை வேலைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வருகிறவர் முதல் மாதத்தில் ஒரு முடிவெடுப்பார். பழைய ஆட்கள் நேராக நிறுவனரிடம் போவார்கள். அவர் 'இந்த ஒரு தடவை விட்டுருங்க' என்பார். ஆறாவது மாதத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கடைசி வார்த்தை யாருடையது என்று. அதன் பிறகு புதியவரின் பட்டம் விசிட்டிங் கார்டில் மட்டும்தான் இருக்கும்.

அதனால்தான் இந்த மட்டத்து ஜேடியை ஹெச்ஆர் எழுதக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். அதை நிறுவனர் எழுத வேண்டும், இல்லை இந்த ஆள் யாரிடம் ரிப்போர்ட் செய்யப் போகிறாரோ அவர் எழுத வேண்டும். ஏனென்றால் எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். ஹெச்ஆர் அதை அழகாகத் திருத்தலாம், சட்டப்படி சரிபார்க்கலாம், லிங்க்டுஇன்னில் போடலாம்.

முதலில் எந்தப் பதவி என்பதே பல இடங்களில் தெளிவாக இல்லை. சிடிஓ என்ற ஒரே பட்டத்துக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வேலைகள் இருக்கின்றன. அமேசானின் சிடிஓ வெர்னர் வோகல்ஸ் 2005-லிருந்து அந்தப் பதவியில் இருப்பவர். ஆண்டுதோறும் மேடையேறி வாடிக்கையாளர்களான பொறியாளர்களிடம் பேசுவதும், கட்டமைப்பு எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்வதும் பல ஆண்டுகளாக அவர் வேலையின் பெரும்பகுதியாக இருந்தன. சிடிஓ பதவியின் வெவ்வேறு வகைகளைப் பற்றி 2007-லேயே தன் வலைப்பதிவில் எழுதியவர் அவர். அவரைப் பார்த்து 'எங்களுக்கும் அப்படி ஒருவர்' என்று நினைக்கும் நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படுவது, அறுபது பொறியாளர்களைச் சரியாகக் குழு பிரித்து, ரிலீஸ் தேதியைக் காப்பாற்றி, நல்ல ஆட்களை எடுத்து, போகாமல் வைத்துக்கொள்ளும் ஒருவராக இருக்கலாம். அது இன்ஜினியரிங் விபி-யின் (துணைத் தலைவரின்) வேலை. அலுவலகத்துக்குள் ஓடும் ஈஆர்பி, நெட்வொர்க், லேப்டாப், வெண்டர் ஒப்பந்தங்கள் எல்லாம் சிஐஓ-வின் (தலைமைத் தகவல் அதிகாரியின்) வேலை. மூன்றையும் ஒரே ஆளிடம் கேட்பது சிறு நிறுவனத்தில் தவிர்க்க முடியாததுதான். ஆனால் மூன்றில் எது முதலில் என்று எழுதாமல் விட்டால், வருகிறவர் தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வார். அவர் மேல் அதற்காகக் கோபப்படவும் முடியாது.

பட்டம் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தளத்தைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2013 அக்டோபர் 1 அன்று அது திறக்கப்பட்டது. முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் 6 பேர். அப்போது அமெரிக்க அரசுக்கு ஒரு சிடிஓ இருந்தார்; டாட் பார்க், திறமைசாலி. ஆனால் அந்தத் தளத்தைக் கட்டும் பொறுப்பு அவரிடம் இல்லை. அது சுகாதாரத் துறைக்குள் இருந்த ஒரு முகமையின் கையிலும், பல ஒப்பந்ததாரர்கள் கையிலும் பிரிந்து கிடந்தது. 2016-இல் அத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, தெளிவான தலைமை இல்லாததைக் காரணங்களில் முக்கியமானதாகச் சொன்னது. நாட்டிலேயே உயர்ந்த தொழில்நுட்பப் பட்டம் ஒருவரிடம் இருந்தும், 'மொத்தமும் என்னுடையது' என்று சொல்ல ஒருவர் இல்லை.

சரி, எல்லைகள் என்னென்ன? எனக்கு முதலாவது பணம். எவ்வளவு ரூபாய் வரை அவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம்? கிளவுட் பில் அவருடைய பட்ஜெட்டா, நிதிப் பிரிவுடையதா? ஒரு வெண்டரை மாற்ற அவர் கையெழுத்து போதுமா? இதை ஜேடியில் தொகையோடு எழுதச் சொன்னால் நிறுவனர்கள் தயங்குகிறார்கள். வெளியில் போடும் விளம்பரத்தில் தொகை வேண்டாம், சரி. ஆனால் கடைசிச் சுற்றுக்கு வரும் இரண்டு மூன்று பேரிடம் கொடுக்கும் முழு ஜேடியில் அது இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஆட்கள். எடுப்பதும் அனுப்புவதும் அவர் முடிவா? நிறுவனரோடு முதல் நாளிலிருந்து இருக்கும் அந்த இரண்டு மூன்று பேரையும் சேர்த்தா? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் 'இல்லை' என்றால், 'இல்லை' என்றே எழுதலாம். பலர் அதை ஏற்றுக்கொண்டு சேர்வார்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால்தான் மனம் கசந்து போவார்கள்.

மூன்றாவது, மறுக்கும் உரிமை. என்னைப் பொறுத்தவரை மொத்தத் தாளிலும் கனமான வரி இதுதான். விற்பனைப் பிரிவு ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் 'மார்ச் 31-க்குள் முடித்துத் தருகிறோம்' என்று சொல்லிவிட்டு வருகிறது. முடியாது என்று இவருக்குத் தெரிகிறது. 'முடியாது' என்றால் அது நிற்குமா? பாதுகாப்புச் சோதனை முடியாத ரிலீஸை இவர் நிறுத்தி வைத்தால், யாராவது இவரைத் தாண்டிப் போய் அதை வெளியிட முடியுமா? டிஎஸ்பி விஷயத்தில் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது இதைத்தான். 'இன்னும் தயாராகவில்லை, தள்ளி வையுங்கள்' என்று சொல்வது ஒருவரின் கடமை என்றால், அப்படிச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொடுக்காமல் விடுவது அநியாயம்.

அப்புறம் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்பது. இது வெறும் கோடு வரையும் வேலை என்று நினைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐடி நிர்வாக விதிகளில், தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஐடி தலைவரிடம் நேரடியாக ரிப்போர்ட் செய்யக் கூடாது, அவருக்கு வியாபார இலக்குகள் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஏன் என்று யோசித்தால் விளங்கும். சீக்கிரம் வெளியிட வேண்டியவரின் கீழேயே 'நிறுத்து' என்று சொல்ல வேண்டியவரை வைத்தால் அந்தக் குரல் மேலே கேட்காது. வங்கி, என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) பக்கம் இல்லாத நிறுவனங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ஜேடி எழுத உட்காரும் எவரும் அதை ஒருமுறை படிப்பது நல்லது. ஒரு பதவியின் எல்லையை எப்படிச் சில வரிகளில் சொல்வது என்பதற்கு அது நல்ல மாதிரி.

எல்லை முடிந்தது. உள்ளே என்ன? குணநலன் பட்டியலைத் தூக்கிவிட்டு, முதல் பதினெட்டு மாதங்களில் நடக்க வேண்டியதை எழுதுங்கள் என்பேன். அந்தக் கோவை நிறுவனத்தின் ஜேடியில் 'வளர்ச்சிக்கேற்ற தொழில்நுட்பக் கட்டமைப்பை உருவாக்கும் தொலைநோக்குத் தலைவர்' என்று ஒரு வரி இருந்தது. நிறுவனரோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசியபின் அந்த வரி இப்படி ஆனது:

"எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் மென்பொருளின் தனிப் பிரதி ஓடுகிறது. ஒரு திருத்தத்தை எல்லாப் பிரதிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வாரக்கணக்கில் ஆகிறது. மாதக் கடைசியில் ஆலைகள் சம்பளக் கணக்குப் போடும் நாட்களில் சர்வர் திணறுகிறது. பதினெட்டு மாதங்களுக்குள் இந்தப் பிரதிகளை ஒன்றாக்க வேண்டும். அதுவரை எந்த ஆலையின் சம்பளமும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது."

இதைப் படிக்கும் தகுதியான ஒருவருக்கு உடனே கேள்விகள் எழும். எத்தனை பிரதிகள்? டேட்டாபேஸும் தனித்தனியா? ஆலைக்காரர்கள் கேட்டுச் செய்துகொண்ட மாற்றங்கள் எவ்வளவு? அந்தக் கேள்விகளோடு வருகிறவரிடம்தான் பேச வேண்டும். 'தொலைநோக்கு' என்ற வரிக்கு எல்லோரும் விண்ணப்பிப்பார்கள். இந்த வரிக்கு, இதே வேலையைச் செய்து கைப்பழக்கம் உள்ளவர்களும், செய்தே தீர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களும் மட்டும் வருவார்கள்.

'பலவீனத்தை வெளியே சொல்வதா' என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. போட்டியாளர் படிப்பார் என்பது நியாயமான கவலைதான். பொது விளம்பரத்தில் சுருக்கமாகவும், நேரில் பேசுவோரிடம் முழுமையாகவும் சொல்லலாம். ஆனால் மறைக்கவே கூடாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிடல் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் ஏறியிருந்தது. எட்டாவதில், பல ஆண்டுகளாக யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கோட் உயிர்பெற்றுத் தப்பும் தவறுமாக ஆர்டர்களைக் கொட்டியது. ஒவ்வொரு நிறுவனத்திலும் இப்படித் தூங்கும் கோட் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று உள்ளே இருக்கும் சிலருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் பொறுப்பேற்கப் போகிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவருக்கு அது தெரிய வேண்டாமா?

தகுதிகள் பகுதியை நான் இரண்டே பத்திகளுக்குள் முடிக்கச் சொல்வேன். இன்ன கல்லூரி என்று எழுத வேண்டியதில்லை. இன்ன மொழி, இன்ன டூல் என்ற நீண்ட பட்டியல் இந்த மட்டத்துக்குத் தேவையில்லை; இந்த அளவு குழுவை நடத்தியிருக்க வேண்டும், இந்த அளவு சுமை தாங்கும் அமைப்பை ஓட்டியிருக்க வேண்டும் என்றால் போதும். வார்த்தைகளில் கவனம் வேண்டும். கவுச்சர், ஃப்ரீசன், கே ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆதிக்கம், போட்டி போன்ற ஆண்பால் சாயல் கொண்ட சொற்கள் நிறைந்த வேலை விளம்பரங்கள் பெண்களுக்கு ஈர்ப்பில்லாமல் போவதைக் கண்டார்கள். 'நம்மால் முடியாது' என்பதால் அவர்கள் விலகவில்லை, 'இது நமக்கான இடமில்லை' என்று தோன்றியதால் விலகினார்கள். ஏற்கெனவே பெண்கள் அரிதாக இருக்கும் ஒரு பதவிக்கு, நல்ல விண்ணப்பங்களை நாமே வாசலில் திருப்பி அனுப்புவது எனக்கு வலிக்கிறது. ஆங்கில ஜேடிகளில் 'ராக்ஸ்டார்', 'நிஞ்ஜா' என்று எழுதுவதை இன்னும் சிலர் விடவில்லை. விட்டுவிடுங்கள்.

சம்பளம், ஈசாப் (ஊழியர் பங்குத் திட்டம்) விவரம், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும். கோவை போன்ற ஊர் என்றால் இன்னொன்று. இந்த அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள். ஊர் மாறியே ஆக வேண்டுமா, முதல் வருடம் வந்து போனால் போதுமா என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மாதக்கணக்கில் நேரம் மிச்சம். அதோடு மூன்று மாத நோட்டீஸ் பீரியட். தேடுவதற்கு மூன்று நான்கு மாதம், நோட்டீஸுக்கு மூன்று மாதம், உள்ளே வந்து புரிந்துகொள்ள மூன்று மாதம் என்று வைத்தால், இன்று ஜேடி எழுதும் நிறுவனம் பலனைக் காண ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். 'அடுத்த மாதம் ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற கணக்கில் எழுதப்படும் ஜேடி, அடுத்த மாதத்துத் தலைவலிக்கு ஆள் தேடுகிறது. அந்தத் தலைவலிக்கு இப்போது இருப்பவர்களை வைத்தே வழி பார்க்க வேண்டும்.

இப்போது இருப்பவர்கள் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. இந்தப் பதவிக்கு ஜேடி எழுதும் பெரும்பாலான நிறுவனங்களில், அந்த நாற்காலி தனக்கு வரும் என்று நம்பியிருக்கும் ஒருவர் இருக்கிறார். பத்து வருடம் உழைத்தவர். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து உட்காருபவர். தீபாவளி அன்றைக்கும் போனை அணைக்காதவர். அவருக்குச் செய்தி லிங்க்டுஇன் மூலம் போய்ச் சேருவதை நான் பார்த்திருக்கிறேன். நண்பர் யாராவது லிங்க்கை அனுப்பி 'உங்க கம்பெனியில சிடிஓ எடுக்கறாங்களாமே, உனக்கில்லையா?' என்று கேட்கிறார். அந்த மனிதர் அன்று மாலை வீட்டில் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஜேடியின் முதல் வரைவு முடிந்ததும் அதை முதலில் படிக்க வேண்டியவர் அவர். நிறுவனரே கூப்பிட்டு, தனியாக உட்கார வைத்து, தாளைக் கையில் கொடுக்க வேண்டும். 'இதில் இருக்கிற வேலையில் எதை நீங்கள் செய்ய முடியும், எதற்கு வெளியாள் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். எல்லைகளும் பதினெட்டு மாத வேலையும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இந்தப் பேச்சு சாத்தியம். குணநலன் பட்டியலை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. 'உனக்குத் தொலைநோக்கு இல்லை' என்று யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

கோவை நிறுவனர் அப்படி ஓர் உரையாடலை நடத்திய பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. நிறுவனத்தின் மூத்த பொறியாளர், 'பிரதிகளை ஒன்றாக்கும் டிசைனை நான் பார்த்துக்கறேன்ங்க, ஆனா எழுபது பேரை மேய்க்கறது எனக்கு வராது, வேண்டாம்' என்று தானாகவே சொன்னார். எனவே கட்டமைப்பு அவரிடம் போனது, தனிப் பதவியோடும் சம்பள உயர்வோடும். வெளியிலிருந்து தேடும் பதவி சிடிஓ-விலிருந்து இன்ஜினியரிங் விபி ஆனது. ஜேடி பாதியாகச் சுருங்கியது. வெண்டர் மாற்றம், ஆள் எடுப்பது, ரிலீஸ் தேதி ஆகிய மூன்றிலும் கடைசி முடிவு விபி-யுடையது என்று நிறுவனர் தன் கையாலேயே எழுதினார். எந்த ஆலைக்கு எந்த விலை, எந்தப் புது ப்ராடக்ட் என்பது தன்னுடையது என்று அடுத்த வரியில் எழுதிக்கொண்டார்.